சாத்தம் மர ஆலையும் அந்தமான் மரப்பெயர்களும்: ஒரு மொழி வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஒரு தொழில் ஓர் ஊரை உருவாக்கும்போது அவ்வூரின் தெருக்களோடும் துறைகளோடும் அங்கு வழங்கும் சொற்களையும் சேர்த்தே உருவாக்குகிறது. உப்பளத்தால் வளர்ந்த ஊர்களிலும் நெசவால் வளர்ந்த ஊர்களிலும் இவ்வுண்மையைக் காணலாம். மரத்தொழிலால் வளர்ந்த அந்தமான் குடியிருப்புகள் இவ்வகையில் தனிக்கவனம் பெறத்தக்கவை. ஏனெனில், இங்கு மரம் வெட்டியவர், மரத்திற்குப் பெயரிட்டவர், மரத்தை விற்றவர், அம்மரங்களின் நடுவே காலங்காலமாக வாழ்ந்தவர் ஆகிய நால்வரும் வெவ்வேறு மொழியினர்.

சென்னையிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் தொலைவில், போர்ட் பிளேர் துறைமுகத்தில் உள்ள சிறு தீவு சாத்தம். 1883இல் இங்கு அரசு மர ஆலை நிறுவப்பட்டது. ஆசியாவின் பழமையான மர ஆலைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இவ்வாலையையும் அதற்கு மரம் அளித்த காட்டுக் குடியிருப்புகளையும் பின்புலமாகக் கொண்டு, அந்தமான் மரப்பெயர்கள் உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பெயர்களைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் சிக்கல்களும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. எனினும் வரலாற்றுச் செய்திகளைக் கூறுமிடத்து அந்தந்தக் காலத்துப் பெயரே இங்கு ஆளப்படுகிறது.

2. சாத்தம்: தீவும் ஆலையும்

1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கடற்படை அதிகாரி முதல் ஆங்கிலேயக் குடியிருப்பை அமைத்த இடம் சாத்தம் தீவேயாகும். அக்குடியிருப்பு 1792இல் வட அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோயின் கொடுமையால் 1796இல் கைவிடப்பட்டது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், 1858 மார்ச்சு 10ஆம் நாள் மருத்துவர் ஜே.பி. வாக்கர் இருநூறு கைதிகளுடன் வந்திறங்கியதும் தண்டனைக் குடியேற்றம் மீண்டும் தொடங்கிற்று. நிலத்தைத் திருத்துதல் என்பது மரத்தை வெட்டுதல் என்றே தொடக்கத்தில் பொருள்பட்டது. வெட்டிய மரம் முதலில் ஓர் இடையூறாகவே கருதப்பட்டது. அது வருவாய்ப் பொருளாகக் கருதப்பட்டது பின்னரேயாம்.

இம்மாற்றம் 1883இல் அமைப்புவடிவம் பெற்றது. அவ்வாண்டிலேயே அந்தமானில் வனத்துறையும் தோன்றியது. சாத்தம் ஆலையும் எழுந்தது. காட்டில் வெட்டப்பட்ட அடிமரங்களை யானைகள் இழுத்து வந்து ஓடைக்கரையில் சேர்த்தன. அங்கிருந்து அவை தெப்பங்களாகப் பிணைக்கப்பட்டுக் கடல்வழியே சாத்தத்திற்கு இழுத்துவரப்பட்டன. ஆலையில் சட்டங்களாகவும் பலகைகளாகவும் அறுக்கப்பட்டு, கல்கத்தா, சென்னை, இலண்டன் முதலிய சந்தைகளுக்கு அனுப்பப்பட்டன. சிறைகள், படகுத்துறைகள், பணியாளர் வீடுகள் ஆகியவற்றிற்கும் இங்கிருந்தே மரம் சென்றது. ஆலையைச் சுற்றிய ஹேடோ, எதிர்க்கரையிலுள்ள பம்பூஃபிளாட் முதலிய பகுதிகளின் வாழ்வு ஆலையோடும் துறைமுகத்தோடும் பிணைந்தது.

1942 மார்ச்சு 23ஆம் நாள் முதல் 1945 அக்டோபர் வரை தீவுகள் சப்பானியர் வசம் இருந்தன. போரினால் சேதமுற்ற ஆலை போருக்குப் பின்னர் மீண்டும் இயங்கியது. விடுதலைக்குப் பின் மரத்தொழில் விரைந்து பெருகிற்று. 1951இல் வட அந்தமான் காடுகள் பி.சி. ரே என்னும் கல்கத்தா நிறுவனத்திற்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் பணி நின்றபோது அதன் யானைகள் பல இன்டர்வியூ தீவிலும் வட அந்தமானிலும் விடப்பட்டன. மரத்தொழிலுக்காகக் கொண்டுவரப்பட்ட விலங்கு காட்டுவிலங்காகவே மாறிய அரிய நிகழ்வு இது. பம்பூஃபிளாட்டிலும், நடு அந்தமானின் கிழக்கேயுள்ள லாங் தீவிலும் ஒட்டுப்பலகை ஆலைகள் எழுந்தன. தீக்குச்சிக்கான மரமும் தண்டவாளக் கட்டைகளும் தீவுகளிலிருந்து இந்திய நிலப்பரப்பிற்குச் சென்றன.

3. மரம் வெட்டியோரின் மொழிகள்

தொடக்கத்தில் காட்டுவேலை செய்தோர் கைதிகளே. அவர்கள் வடஇந்தியா, வங்காளம், சென்னை மாகாணம், பர்மா எனப் பல பகுதிகளிலிருந்து வந்தோர். அவர்களிடையே பொதுமொழியாக இந்துஸ்தானி வளர்ந்தது. அந்தமானில் இன்று வழங்கும் இந்தி இவ்வாறு கலப்புற்று உருவான வழக்கின் தொடர்ச்சியேயாகும். பால், எண், வேற்றுமை ஆகியவற்றில் அது எளிமை பெற்றிருப்பது, அதனைத் தாய்மொழியாகக் கொள்ளாத பலரின் நாவில் அது பொதுமொழியாக வளர்ந்ததைக் காட்டும்.

1919-20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைச்சாலைக் குழு தண்டனைக் குடியேற்றத்தைக் கைவிடப் பரிந்துரைத்தது. இதன் விளைவாகக் கைதிகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. காட்டுவேலைக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டனர். இதற்கு முன்பே, 1918இல், சோட்டா நாக்பூரிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டிருந்தனர். இன்றும் தீவுகளில் அவர்களை 'ராஞ்சி'க்காரர் என்றே அழைக்கின்றனர். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தருக்கு அருகில் வெபி என்னும் ஊரை அமைத்தனர். காட்டுவேலையில் அவர்களுக்கிருந்த தேர்ச்சியே அவர்களை வரவழைத்ததற்குக் காரணமாகும்.

ராஞ்சித் தொழிலாளருள் முண்டாரி, காரியா ஆகிய ஆஸ்திரோ-ஆசிய மொழிகளைப் பேசியோரும், குரூக் மொழியைப் பேசிய ஒராவோன் மக்களும் இருந்தனர். குரூக் திராவிட மொழிகளுள் ஒன்று. அம்மொழியில் மரத்தைக் குறிக்கும் 'மன்' என்னும் சொல் தமிழ் 'மரம்' என்பதோடு ஒரே வேரினது. அவ்வகையில், அந்தமான் காட்டில் கோடரி ஏந்திய ஒராவோன் தொழிலாளி தான் வெட்டிய பொருளைத் தமிழுக்கு உறவான ஒரு சொல்லால் அறிந்தவன். ஆயினும் அவனது சொல் ஆலையின் பதிவேட்டில் ஏறவில்லை. தம்முள் பேசிக்கொள்ள அவர்களுக்குச் சாத்ரி மொழி இருந்தது; மேலாளரிடம் பேச இந்துஸ்தானி இருந்தது. உடலுழைப்பாக வந்த மொழி பெயரிடும் உரிமையைப் பெறவில்லை என்பதற்கு இது தெளிவான சான்று.

1947க்குப் பின்னர்க் காட்டுவேலை, துறைமுகம், பொதுப்பணி ஆகியவற்றிற்காகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளியரும் மிகுதியாக வந்தனர். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஏதிலியர் 1949 முதல் குடியமர்த்தப்பட்டனர். அவர்களது ஊர்கள் பல காடழித்த நிலத்திலேயே எழுந்தன. நடு அந்தமானின் பகுள்தலா, கடம்தலா என்னும் ஊர்ப்பெயர்கள் நோக்கத்தக்கவை. 'தலா' என்பது வங்காளத்தில் மரத்தின் அடியைக் குறிக்கும். பகுள் நமது மகிழ்; கடம் நமது கடம்பு. ஆலமரத்தடி, புளியமரத்தடி எனத் தமிழ்நாட்டில் இடம் சுட்டும் அதே முறையில், மகிழடி, கடம்படி என இவ்வூர்கள் பெயர்பெற்றுள்ளன. காடு வெட்டப்பட்ட நிலத்தில் தாம் பிறந்த ஊரின் மரங்களைப் பெயராக நட்டனர் என்று இதனைக் கொள்ளலாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இவர்களுள் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர். தமிழர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர்.

4. மரப்பெயர்களின் அடுக்குகள்

அந்தமான் வனத்துறையின் பட்டியல்களில் காணப்படும் மரப்பெயர்களை மூன்று அடுக்குகளாகப் பகுக்கலாம்.

முதல் அடுக்கு பர்மியப் பெயர்கள். தீவுகளின் தலையாய மரமான படாக், பின்மா, கோக்கோ, தவுங்பெயிங், தித்மின், தித்போக் என்பன இவ்வடுக்கைச் சார்ந்தவை. பர்மியத்தில் 'தித்' என்பது மரத்தைக் குறிக்கும். 'தவுங்' மலையையும், 'பெயின்னே' பலாவையும் குறிக்கும். ஆகவே தவுங்பெயிங் என்பது மலைப்பலா எனப் பொருள்படும் தொகைச்சொல். அந்தமான் காட்டின் தாவரங்கள் பர்மாவின் அரக்கான் கடற்கரைத் தாவரங்களோடு பெரிதும் ஒத்தவை. 1866இல் தீவுகளுக்கு வந்து 1870இல் தம் அறிக்கையை வெளியிட்ட சுல்பிஸ் குர்ஸ் பர்மியத் தாவரங்களையும் விரிவாக ஆராய்ந்தவர். பர்மியக் கைதிகளும் காட்டில் இருந்தனர். இவ்வாறு தாவர ஒற்றுமை, அறிஞரின் பயிற்சி, தொழிலாளரின் நா ஆகிய மூன்றும் ஒரே திசையில் இயங்கியமையால் பர்மியப் பெயர்கள் நிலைபெற்றன எனலாம்.

இரண்டாவது அடுக்கு இந்துஸ்தானி, வங்காளப் பெயர்கள். குர்ஜன் என்பது வங்காளத்தின் 'கர்ஜன்'. தூப், பாதாம், பப்பீத்தா, லம்பாபத்தி, மோவா என்பன இந்துஸ்தானிச் சொற்கள். இவற்றுள் பெரும்பாலானவை ஒப்புமையால் இடப்பட்ட பெயர்கள். புதிய மரத்தைக் கண்டவன், தன் ஊரில் தான் அறிந்த மரத்தின் இலை, காய், பிசின் ஆகியவற்றுள் ஏதோ ஒன்றன் சாயலை அதில் கண்டு, பழைய பெயரைப் புதியதற்கு இட்டான். லம்பாபத்தி என்பது 'நீண்ட இலை' எனப் பொருள்படும். கடல் மோவா என்பது கடற்கரையில் நிற்கும் இலுப்பையைச் சுட்டும். குடிபெயர்ந்தோர் பெயரிடும் முறை உலகெங்கும் இத்தகையதே. தமிழிலும் சீமைக் கருவேல், சீமை அகத்தி முதலிய பெயர்கள் இவ்வாறே தோன்றின.

மூன்றாவது அடுக்கு ஆங்கில வணிகப்பெயர்கள். இவை காட்டில் தோன்றியவை அல்ல, சந்தையில் தோன்றியவை. படாக் மரம் 'அந்தமான் செம்மரம்' எனப் பொருள்படும் பெயரால் விற்கப்பட்டது. அமெரிக்கச் சந்தையில் சிந்தூர நிறத்தைக் குறிக்கும் 'வெர்மிலியன்' என்னும் பெயர் பெற்று, புல்மன் இரயில் பெட்டிகளை அணிசெய்தது. வெள்ளைச் சுக்ளம் மரத்தின் வைரம் 'வெள்ளிச் சாம்பல்' என விற்கப்பட்டது. கோக்கோ 'கிழக்கிந்திய வால்நட்' ஆயிற்று. வாங்குவோருக்குத் தெரிய வேண்டியது நிறமும் வரியுமே ஆதலால், வணிகப்பெயர் மரத்தை விடுத்துப் பலகையைப் பெயரிடுகிறது.

இவ்வடுக்குகள் ஒன்றையொன்று அழிக்கவில்லை. காட்டில் பர்மியப் பெயர், ஆலையில் இந்துஸ்தானி உச்சரிப்பு, கப்பல் சீட்டில் ஆங்கிலப்பெயர் என ஒரே மரம் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயரைத் தாங்கிற்று.

5. ஏடேறிய பெயரும் ஆலை ஏற்காத பெயரும்

மேற்கூறிய மூன்று அடுக்குகளிலும் காணப்படாத ஒரு மொழிக்குடும்பம் உண்டு. அது இக்காடுகளில் தொன்றுதொட்டு வாழ்ந்த பெரிய அந்தமானியரின் மொழிகளாகும். பத்து இனக்குழுக்களாக வாழ்ந்த இம்மக்கள் 1858இல் சில ஆயிரவர் இருந்தனர். 1876இல் கண்டறியப்பட்ட மேகநோயும், 1877இல் பரவிய மணல்வாரி அம்மையும் அவர்களைப் பெரிதும் அழித்தன. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேரும், 1931இல் 90 பேரும், 1961இல் 19 பேருமே எஞ்சினர்.

தென் அந்தமானில் வழங்கிய அகா-பெயா மொழியை ஆராய்ந்தவர் ஈ.எச். மேன். அந்தமான் மக்களைப் பற்றிய அவரது ஆய்வு ஆய்விதழில் வெளிவந்த 1883ஆம் ஆண்டும், சாத்தம் ஆலை நிறுவப்பட்ட ஆண்டும் ஒன்றே. காட்டில் வாழ்ந்தோரின் பெயர்கள் ஏட்டில் பதிவாகிய அதே காலத்தில், அக்காட்டின் மரங்கள் வேறு பெயர்களோடு ஆலைக்குள் நுழைந்தன. மேன் தொகுத்த அகராதி 1923இல் முழுமையாக வெளிவந்தது. சி.இ. பார்க்கின்சன் எழுதிய அந்தமான் காட்டுத் தாவர நூல் வெளிவந்ததும் அதே 1923இல்தான்.

படாக் மரத்திற்கு அகா-பெயா மொழியில் 'சாலங்கடா' என்னும் பெயர் பதிவாகியுள்ளது. இதன் இறுதியில் உள்ள 'டா' பெயர்ச்சொல்லைத் தனித்துக் கூறும்போது சேர்க்கப்படும் ஈறு. தாவரவியல் நூல்கள் ஈற்றையும் பெயரின் உறுப்பாகவே கருதி அச்சிட்டன. மொழியமைப்பை அறியாது சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வதால் ஏற்படும் பிழைக்கு இது எடுத்துக்காட்டு. பிழையுடனாவது அப்பெயர் ஏட்டில் நின்றது. ஆலை வளாகத்திலோ சந்தையிலோ அது ஒருபோதும் வழங்கவில்லை.

மொழியியல் நோக்கில் இவ்விழப்பு ஒரு சொற்பட்டியலின் இழப்பன்று. பெரிய அந்தமானிய மொழிகளில் உடலுறுப்புகளை அடிப்படையாகக் கொண்ட முன்னொட்டுகள் இலக்கணத்தின் மையமாக விளங்குகின்றன. பொருள்களின் பகுதிகளும் உறவுகளும் அவ்வொட்டுகளின் வழியே உணர்த்தப்படுகின்றன. இதனை அன்விதா அப்பியின் ஆய்வுகள் விரிவாக நிறுவியுள்ளன. அவரது பெரிய அந்தமானிய அகராதி 2012இலும், இலக்கணம் 2013இலும் வெளிவந்தன. போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரி 26ஆம் நாள் மறைந்தார். ஒரு மரத்தைப் பெயரிடும் சொல் மறையும்போது, அம்மரத்தை எவ்வாறு பகுத்துக் காண்பது என்னும் அறிவும் உடன் மறைகிறது.

ஜாரவா மக்களின் நிலை வேறு. 1990களின் இறுதிவரை அவர்கள் வெளியாரை விலக்கியே வாழ்ந்தனர். காட்டுத் தொழிலாளருக்கும் அவர்களுக்கும் மோதல்கள் நிகழ்ந்தன. தொழிலாளரைக் காக்கக் காவற்படை நிறுத்தப்பட்டது. அவர்கள் தம்மை 'அங்' என்று அழைத்துக்கொள்கின்றனர். 'ஜாரவா' என்பது பிறர் இட்ட பெயர். மரங்களுக்கு நேர்ந்ததே மனிதர்க்கும் நேர்ந்தது என்பதை இப்பெயர் வழக்கு காட்டுகிறது.

6. தமிழாக்கச் சிக்கல்கள்

அந்தமான் மரப்பெயர்களைத் தமிழில் பெயர்க்க முற்படும் மொழிபெயர்ப்பாளர், மேற்கண்ட வரலாற்றை அறியாவிடின் தவறான மரத்தைச் சுட்டும் நிலைக்கு ஆளாவார். நான்கு எடுத்துக்காட்டுகள் இங்குத் தரப்படுகின்றன.

முதலாவது, படாக். 'அந்தமான் செம்மரம்' எனப் பொருள்படும் ஆங்கிலப்பெயரை நேரே பெயர்த்தால் தமிழில் செம்மரம் என்றே வரும். ஆனால் தமிழில் செம்மரம், செஞ்சந்தனம் என்பன கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் வேறொரு மரத்தைக் குறிக்கும். அதன் வணிகம் 1995 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. இரண்டும் டெரோகார்ப்பஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை என்பது குழப்பத்தை மிகுவிக்கிறது. ஒரு சுங்க ஆவணத்திலோ நீதிமன்ற ஆவணத்திலோ இப்பிழை நேருமாயின், குற்றமற்ற சரக்கு கடத்தற்பொருளாகவும் கடத்தற்பொருள் குற்றமற்றதாகவும் தோன்றக்கூடும். இப்பேரினத்திற்குத் தமிழ் மரபில் நன்கு அறிமுகமான பெயர் வேங்கை. மஞ்சள் நிறப் பூவும், வெட்டினால் கசியும் செந்நிறப் பாலும் கொண்ட வேங்கை குறிஞ்சி நிலத்திற்குரிய மரமாகச் சங்க நூல்களில் பயின்றுவருகிறது. ஆதலின் படாக்கினை 'அந்தமான் வேங்கை' எனக் குறித்தல் பொருந்தும்.

இரண்டாவது, வெள்ளைத் தூப். தூப் என்பது தூபம், தமிழில் குங்கிலியம். எனவே 'வெள்ளைக் குங்கிலியம்' என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் அப்பெயர் தமிழில் முன்னரே வாட்டேரியா என்னும் மேற்குத் தொடர்ச்சி மலை மரத்திற்கு உரியதாகிவிட்டது. அந்தமானின் வெள்ளைத் தூப், கனாரியம் என்னும் பேரினத்தைச் சார்ந்தது. அப்பேரினத்தின் தமிழ்நாட்டு மரத்திற்குக் கருங்குங்கிலியம் என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குடும்பமே வேறான மரம் கிடைக்கிறது. உறவை நோக்கிப் பெயர்த்தால் வெள்ளை கறுப்பாகிறது. இவ்விடத்துத் 'அந்தமான் குங்கிலியம்' என நிறத்தை விடுத்துக் கூறுதலே குழப்பம் தவிர்க்கும் வழி.

மூன்றாவது, பப்பீத்தா. இந்தியில் இச்சொல் பப்பாளியைக் குறிக்கும். அந்தமானில் தீக்குச்சிக்கும் ஒட்டுப்பலகைக்கும் பயன்பட்ட மென்மரத்தின் பெயராகவும் இது வழங்குகிறது. இம்மரத்திற்கும் பப்பாளிக்கும் எவ்வகை உறவும் இல்லை. 'பப்பாளி மரத்திலிருந்து ஒட்டுப்பலகை' என ஒரு தமிழாக்கம் கூறுமாயின், வேளாண்மை அறிந்த வாசகர் அந்நூல் முழுவதையுமே ஐயுறுவர். இங்கு ஒலிபெயர்ப்பே ஏற்றது.

நான்காவது, பின்மாவும் சுக்ளமும். பின்மாவின் இனத்தைச் சார்ந்த மரம் தமிழில் பூமருது எனப்படும். சுக்ளம் டெர்மினேலியா பேரினத்தது. அதாவது மருதின் உறவு. பூமருது என்னும் பெயரில் மருது என்னும் சொல் இருப்பினும் இரண்டும் வேறு குடும்பத்தன. இரண்டையும் 'மருது' எனச் சுருக்கும் வழக்கம் தவிர்க்கத்தக்கது.

மாறாக, எளிதில் தீரும் இடமும் உண்டு. கோக்கோ என்பது நமது வாகையேயாகும். இனம் ஒன்றே, பெயர் மட்டுமே பர்மியம். வெற்றிக்கு அடையாளமாகச் சூடப்பட்ட வாகை, இலண்டன் அறைகலன் கடையில் வால்நட் என்னும் பெயரில் நின்றது. தமிழில் எழுதுவோர் 'கோக்கோ மரம்' என எழுதினால், வாசகர் அதனைச் சாக்லேட் செய்யப் பயன்படும் மரமாகவே கொள்வர்.

மரத்தொழிலின் கலைச்சொற்களைப் பொறுத்தவரை தமிழ் வறியதன்று. மரத்தின் உள்வயிரத்தைக் காழ் என்றும், வயிரமற்ற புறப்பகுதியை வெளிறு என்றும் தமிழ் பண்டே வேறுபடுத்தியது. உள்ளே காழுடையதை மரம் என்றும், புறத்தே காழுடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பாகுபடுத்துகிறது. தச்சர் வழக்கில் இன்றும் வைரம், வெளிறு என்னும் சொற்கள் வாழ்கின்றன. படாக்கின் அகன்ற பலகை வேர்களிலிருந்து ஒரே துண்டாக மேசைப்பலகை செய்வதுண்டு. 'பலகை வேர்' என்னும் தமிழ்ச்சொல் அவ்வேரின் வடிவத்தையும் பயனையும் ஒருங்கே உணர்த்துகிறது. மரம் விற்குமிடம் மரவாடி. வெட்டுவதற்கென ஒதுக்கப்படும் காட்டுப்பகுதியைக் குறிக்கும் 'கூப்பு', பிரெஞ்சு மொழியின் வெட்டுதல் என்னும் வேரிலிருந்து ஆங்கிலம் வழியே வந்து, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மரத்தொழிலாளரின் சொந்தச் சொல்லாகவே ஆகிவிட்டது.

சில கலைச்சொற்களில் கருத்தறிந்தே பெயர்க்க வேண்டும். அந்தமானில் பி.எஸ். செங்கப்பா என்னும் வன அதிகாரியின் பணியால் உருவான காடு வளர்ப்பு முறையின் பெயரில் 'விதானத்தை உயர்த்துதல்' என்னும் தொடர் உள்ளது. மேலே உள்ள விதானத்தை எவரும் தூக்குவதில்லை. கீழ்த்தட்டு, நடுத்தட்டு மரங்களைப் படிப்படியாக நீக்கி, நாற்றுகளுக்கு ஒளி கிடைக்குமாறு விதானத்தின் அடிமட்டத்தை உயரச் செய்வதே அம்முறை. 'கீழ்த்தட்டு நீக்கும் நிழற்காப்பு முறை' என்று கூறின் செயல் விளங்கும்.

7. 'காடு' என்னும் சொல்லும் 2002ஆம் ஆண்டு ஆணையும்

சொற்பொருள் எத்துணை ஆற்றலுடையது என்பதைச் சாத்தத்தின் அண்மை வரலாறு காட்டுகிறது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து, டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12ஆம் நாள் பிறந்த ஆணையில், 'காடு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என நீதிமன்றம் கூறியது. அரசு ஏட்டில் காடு எனப் பதியப்படாத நிலமும், காடாக இருந்தால் காடே என்பது அதன் விளைவு. ஓர் அகராதிப் பொருள் நாடு முழுவதன் நிலப்பயன்பாட்டையும் மாற்றியது.

இதே வழக்கின் தொடர்ச்சியாக, சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, 2002 மே 7ஆம் நாள் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மரம் வெட்டுவதற்கு உச்சநீதிமன்றம் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. தீவில் வாழ்வோரின் நியாயமான தேவைக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. மரமாகவோ ஒட்டுப்பலகையாகவோ இந்திய நிலப்பரப்பிற்கு அனுப்புவது தடைசெய்யப்பட்டது. ஒட்டுப்பலகை ஆலைகள் மூடுண்டன. ஆலையையே நம்பியிருந்த லாங் தீவு போன்ற சிற்றூர்களிலிருந்து மக்கள் வெளியேறினர். சாத்தம் ஆலையின் பணி சுருங்கிற்று. இன்று அதன் வளாகத்திலுள்ள வன அருங்காட்சியகம் சுற்றுலாப் பயணியரை ஈர்க்கிறது. காட்டையும் அதன் தொல்குடியினரையும் காக்கும் நோக்கில் பிறந்த ஆணை, காட்டை வெட்டி வாழ்ந்த எளியோரின் பிழைப்பையும் உடன் முடித்தது. இரண்டும் உண்மைகளே, ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

மொழிபெயர்ப்பாளர் இங்குக் கருத வேண்டியது யாதெனில், இந்த ஆணையைத் தமிழில் பெயர்க்கும்போது 'அகராதிப் பொருள்' என்பது எவ்வகராதியின் பொருள் என்னும் வினாவாகும். தமிழில் காடு என்பது மரமடர்ந்த நிலத்தை மட்டும் குறிப்பதில்லை. கொங்குப் பகுதியிலும் தென்மாவட்டங்களிலும் மானாவாரி விளைநிலமும் காடுதான். 'காட்டுக்குப் போகிறேன்' என்னும் உழவர் வயல்வேலைக்கே செல்கிறார். சுடுகாடு, இடுகாடு என்பனவும் உண்டு. ஆட்சித்தமிழில் வனம் என்னும் சொல் வழங்குவதற்கு இப்பொருள் விரிவும் ஒரு நியாயமாகும். வனத்துறை, வனப்பாதுகாப்பு என்னும் வழக்குகள் நிலைபெற்றுள்ள சூழலில், சட்ட ஆவணங்களில் வனம் என்பதையும் வரலாற்று விளக்கங்களில் காடு என்பதையும் ஆளுதல் ஏற்புடையது.

8. முடிவுரை

சாத்தம் மர ஆலையின் வரலாறு ஓர் ஆலையின் வரலாறாக மட்டும் அமையவில்லை. அது பெயரிடும் உரிமை எவரிடம் இருந்தது என்பதன் வரலாறாகவும் அமைகிறது. மரப்பெயர்களில் பர்மியம், இந்துஸ்தானி, வங்காளம், ஆங்கிலம் ஆகியவற்றின் சுவடுகள் தெளிவாக உள்ளன. குரூக், முண்டாரி, தமிழ் முதலிய உழைப்போர் மொழிகள் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. பெரிய அந்தமானியர் இட்ட மரப்பெயர்கள் பெரும்பாலும் ஏடுகளிலேயே எஞ்சியுள்ளன.

இவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று நெறிகள் கிடைக்கின்றன. இனம் ஒன்றாயின் தமிழ்ப்பெயரையே ஆளுதல். பேரினம் ஒன்றாயின் அந்தமான் என்னும் அடையொடு தமிழ்ப்பெயரை ஆளுதல். உறவு இல்லையாயின் வழக்கிலுள்ள பெயரை ஒலிபெயர்த்தல். இவற்றோடு, அகா-பெயா முதலிய மொழிகளின் பெயர் பதிவாகியுள்ள இடங்களில் அதனையும் உடன் தருவது கலைச்சொல் அகராதி தொகுப்போரின் கடமை எனல் வேண்டும். அந்தமான் வேங்கை என்னும் தலைச்சொல்லின் கீழ்ப் படாக் என்பதோடு சாலங்கடா என்பதும் ஒரு வரியில் இடம்பெறுமாயின், ஆலையின் பதிவேடு ஏற்காத ஒரு பெயர் தமிழ் அகராதியில் இடம்பெற்றதாகும். தீவுகளின் தமிழ்ப் பள்ளி மாணவர் தம் ஊரின் மரத்தை அதன் எல்லாப் பெயர்களோடும் அறிந்துகொள்ளவும் அது துணைசெய்யும்.